கொடுத்துவைத்தவர்களின் சொல்

'ஹேப்பி' என்ற ஆங்கிலச் சொல்லை வைத்து நாம் தினமும் பொய் சொல்கிறோம். ராத்திரி பதினோரு மணி மின்னஞ்சலுக்கு 'ஹேப்பி டு ஹெல்ப்' என்று பதில் போடுகிறவர் யாரும் அப்போது ஹேப்பியாக இல்லை. அது வெறும் மரியாதை, போகட்டும். என் சண்டை வேறு. மகிழ்ச்சி என்பது ஊழியரின் மனப்பான்மை, அவரே பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு என்று பேசுகிறார்களே, அவர்களோடு.

அந்தச் சொல்லே அவர்களுக்கு எதிர்சாட்சி. அதன் வேர் 'ஹேப்'. பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அர்த்தம்: அதிர்ஷ்டம், தற்செயல். 14ஆம் நூற்றாண்டில் ஹேப்பி என்றால் கொடுத்துவைத்தவர். சந்தோஷம் பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது. அசம்பாவிதத்தைச் சொல்லும் 'மிஸ்ஹேப்', ஒருவேளை எனும் 'பெர்ஹேப்ஸ்', எல்லாம் அதே வேரின் பிள்ளைகள். நல்லா இருப்பதில் நம் கையில் இல்லாத பங்கும் உண்டு என்பதை அந்தச் சொல் மறைக்கவில்லை.

எங்கள் தொழிலில் 'ஹேப்பி பாத்' என்று ஒன்று உண்டு. பயனர் சரியான எண்ணைத் தட்டுவார், நெட்வொர்க் அறுபடாது, சர்வர் உடனே பதில் சொல்லும். அதை மட்டும் சோதித்துவிட்டு வெளியிட்டால் டெஸ்டர் விடமாட்டார். 'பணம் பிடிச்சிட்டு டிக்கெட் வரலேன்னா?' என்பார். பிழை வரும், அதற்கு ஏற்பாடு வேண்டும் என்பது அங்கே பாலபாடம். அதே தொழில் மனிதர்களை மட்டும் ஹேப்பி பாத்தில் ஓட்டுகிறது. ஆட்குறைப்பு, வீட்டுக்கடன், அப்பாவின் டயாலிசிஸ், எதற்கும் ஏற்பாடு கிடையாது. தியானச் செயலிக்குச் சந்தா உண்டு.

'பின்லாந்தைப் பாருங்க, அவங்க மனசே வேற' என்பார்கள். உலக மகிழ்ச்சி அறிக்கையில் 2018 முதல் 2025 வரை அந்த நாடுதான் முதலிடம். ஆனால் அந்த வரிசைக்கு அடிப்படையான கேள்வியில் ஹேப்பி என்ற சொல்லே இல்லை. 0 முதல் 10 வரை படிகள் உள்ள ஏணியில் உங்கள் வாழ்க்கை எந்தப் படியில் நிற்கிறது என்றுதான் கேட்கிறார்கள். நாடுகளுக்கிடையே உள்ள வித்தியாசத்தை விளக்க அறிக்கை எடுத்துக்கொள்பவை வருமானம், கஷ்டத்தில் கைகொடுக்க ஆள், ஆரோக்கியமான ஆயுள், சுதந்திரம், தாராள மனம், ஊழல். தாராள மனத்தைத் தவிர இவற்றில் எதைக் காலையில் கண்ணாடி முன் சிரித்து வரவழைப்பது?

அடுத்த முறை 'ஆர் யூ ஹேப்பி?' என்று அலுவலக சர்வே வந்தால் திருப்பிக் கேளுங்கள்: மிஸ்ஹேப் நடந்தால் என்ன தருவீர்கள்? வேலையை விட்டு அனுப்பினால் எத்தனை மாதச் சம்பளம்? காப்பீட்டில் பெற்றோர் உண்டா? இதற்குப் பதில் வரட்டும். ஹேப்பியைப் பிறகு பேசுவோம்.