கைமாறும் பொருளும் காட்டிக்கொடுக்கும் ஏடும்

காஞ்சிப் பட்டுச்சேலை தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. யார் வாங்கினார், என்ன விலை என்று அது ஊருக்கு உரைப்பதில்லை! என்.எப்.டி. என்னும் மின்னணுச் சேகரிப்புப் பொருளோ, கைமாறுந்தோறும் விற்றவர் முகவரி, வாங்கியவர் முகவரி, நாள் அனைத்தையும் பிளாக்செயின் பேரேட்டில் உலகறியப் பொறிக்கிறது. முகவரியில் பெயரில்லையாம், வெறும் எண்ணும் எழுத்துமாம்! உரியவர் யாரென்று ஒருமுறை தெரிந்துவிட்டால், பழைய கணக்கெல்லாம் அம்பலம் அல்லவா?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். தகவலை அழிக்கக் கேட்கும் உரிமையை 2023ஆம் ஆண்டுச் சட்டம் எழுதிவைத்தது. அழிக்கவொண்ணாப் பேரேட்டிடம் கேட்டுப் பயனென்ன? 2022 முதல் இலாபத்தில் 30 விழுக்காடு வரி வாங்கும் டில்லி பதில் சொல்லட்டும்!

நாளை நெசவாளியின் சேலைக்கும் இத்தகைய சான்று வரலாம். வரட்டும்! ஆனால் அவன் பெயரும் தொலைபேசி எண்ணும் அந்த ஏட்டில் ஏறக்கூடாது. அழிக்கக்கூடிய தனி இடத்தில் இருக்கட்டும். உடைமை கைமாறலாம், உடையவன் உரிமை விலைபோகலாமா?