பின்வாங்காமல் தட்டிவிடும் வித்தை

பிள்ளைகள் தொலைக்காட்சிக்கு முன்னால் குந்தியிருந்து பொத்தான்களைத் தட்டும்போது, "உதில என்ன கிடக்கு?" என்று கேட்காத வீடு எங்களிடையே குறைவு. இம்முறை ஒரு விளையாட்டை எடுத்து, அதில் என்ன கிடக்கிறது என்று பார்ப்போம்.

பெயர் 'ஸ்ட்ரீட் பைட்டர்'. யப்பானின் கப்கொம் நிறுவனம் 1991இல் வெளியிட்ட இரண்டாம் பாகம், காசு போட்டு ஆடும் கூடங்களை உலகமெங்கும் நிரப்பியது. 1997இல் மூன்றாம் பாகம் வந்தபோதோ, பழகிய முகங்களில் ரியூ, கென் இருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை நீக்கிவிட்டார்கள். அலெக்ஸ் என்ற புதியவன் முன்னுக்கு வந்தான். வந்தவர்கள் சுன்-லீயைத் தேடினார்கள், காணவில்லை. எல்லோரும் முப்பரிமாணப் படங்களின் பின்னால் ஓடிய காலத்தில், இது கையால் வரைந்த படங்களோடு வந்தது. கூடங்களும் மூடப்பட்டுக்கொண்டிருந்தன. பழகியதை மாற்றினால் முதலில் வருவது முகச்சுளிப்புத்தானே. பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் விடியவிடிய ஆடும் கூத்தைச் சுருக்கி மேடையேற்றியபோதும், "இது கூத்தோ?" என்றவர்கள் உண்டு.

1999இல் சுன்-லீயைத் திருப்பிக் கூட்டிவந்து, 'தேர்ட் ஸ்ட்ரைக்' என்று திருத்திய பதிப்பொன்றை வெளியிட்டார்கள். அப்படியிருந்தும் நான்காம் பாகம் 2008இல்தான் வந்தது.

ஆனால் அந்தப் பரிசோதனைக்குள் ஒரு புதுமை இருந்தது. வழக்கமாக அடி வரும்போது பின்னுக்கு இழுத்தால் தடுக்கலாம். இதிலே, அடி படும் அதே கணத்தில் எதிரியை நோக்கி முன்னுக்குத் தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால் ஒரு சேதமுமில்லை, உடனே திருப்பியடிக்கலாம். கணம் தப்பினால் முழு அடியும் விழும்.

இதன் முழு வலிமையும் தெரிந்தது 2004 ஆகஸ்டில், கலிபோர்ணியாவின் பொமோனாவில் நடந்த 'ஈவோ' சுற்றுப்போட்டியில். (1996இல் எங்கள் விரிகுடாப் பகுதியின் சன்னிவேலில் ஏறத்தாழ 40 பேருடன் தொடங்கிய போட்டிதான் அது.) யப்பானின் டைகோ உமெஹாரா கென்னை ஆட்டினார், நியூயோர்க்கின் ஜஸ்டின் வொங் சுன்-லீயை ஆட்டினார். கென்னின் உயிர்க்கோடு நூலளவு. பெரிய தாக்குதலைத் தடுத்தாலும் கொஞ்சம் உயிர் தேயும், ஆகவே தடுத்தாலும் தோல்வி. வொங் 15 உதைகள் கொண்ட தாக்குதலை ஏவினார். முதல் உதையைக் கண்டபின் தட்டினால் பிந்திவிடும். எதிரி எப்போது ஏவுவான் என்று முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். உமெஹாரா 15ஐயும் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். கடைசி உதையைத் துள்ளியெழுந்து ஆகாயத்திலேயே தட்டிவிட்டு, திருப்பியடித்து வென்றார். சனம் எழும்பிக் கத்தியதைப் பதிவில் இன்றும் கேட்கலாம். இறுதியாட்டத்தில் அவர் இன்னொரு யப்பானியரிடம் தோற்றது பலருக்கு ஞாபகமில்லை.

நான்காம் பாகத்தில் பழைய முகங்கள் திரும்பின, இந்த வித்தை திரும்பவில்லை. 2023இல் வந்த ஆறாம் பாகத்தில் அது எல்லா வீரர்களுக்கும் பொதுவாகக் கிடைத்தது, பொத்தானை அழுத்திச் செய்யும் இலகுவான வடிவில். எனக்கென்னவோ, அடியை நோக்கி முன்னுக்குத் தட்டும் பழைய முறைதான் அழகு.

2018இல் வெளிவந்த 30ஆம் ஆண்டுத் தொகுப்பில் மூன்றாம் பாகத்தின் மூன்று பதிப்புகளும் உண்டு. பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து ஒருக்கால் ஆடிப் பாருங்கள். முதல் உதையிலேயே விழுவீர்கள். எப்போது தட்டுவது என்று பிள்ளையிடமே கேளுங்கள்.