பட்டாளத்தில் நாம் எத்தனை பேர்?

பட்டாளத்துக்கு ஆளெடுக்கிறாங்கன்னா ஓமலூர்ச் சேரித் தம்பிகள் இருட்டோடு எழுந்து ஓடுகிறார்கள். விருப்பப்பட்டுச் சேர்வதாம், நிலமில்லாத வீட்டில் விருப்பம் ஏது? ஓடுங்க தம்பிகளா, கேள்வியும் கேளுங்க என்கிறேன் நான்.

மகர்களை வைத்துப் போரிட்ட வெள்ளைக்காரன் 1892இல் அவர்களுக்குக் கதவடைத்தான். உலகப்போர் நெருக்கியதும் 1941இல் மகர் ரெஜிமெண்டைத் தொடங்கினான். 1943இல் திரட்டிய சமார் ரெஜிமெண்டை 1946இல் கலைத்தான். ரத்தம் வேணும்னா கூப்பிடு, வேலை முடிஞ்சா விரட்டு!

சுதந்திர அரசோ, ராணுவத்தில் சாதியில்லை, எனவே இடஒதுக்கீடும் இல்லை என்கிறது. அப்புறம் குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படையில் ஜாட், ராஜ்புத், ஜாட் சீக்கியர் மட்டும் எப்படி? 2022இல் அக்னிபாத்தை அறிவித்தபோதே, நாலு வருஷம் கழித்துக் கால்வாசிப் பேருக்குத்தான் நிரந்தர இடம் என்றது. மிச்சப் பேர் திரும்பி வருவது யார் வயலுக்கு?

படை சமூகத்தின் கண்ணாடி என்றால், அதிகாரிகளில் தலித்துகள் எத்தனை பேர்? கணக்கை வெளியிடு!