கடைசி நேர நட்சத்திரம்

பேரன் வந்துவிட்டால் டிவியில் ‘மாரியோ பார்ட்டி’தான். 1998-ல் ஜப்பானின் நின்டெண்டோ கொண்டுவந்த ஆட்டம். நம் பரமபதம் மாதிரி கட்டம், பகடை, நாலு பேர். சுற்றுக்கு ஒரு குட்டிப் போட்டி. காசு சேர்த்து நட்சத்திரம் வாங்க வேண்டும்.

வம்பு கடைசியில். முடிவுக்கு முன் போனஸ் நட்சத்திரம் தருவார்கள். குட்டிப் போட்டிகளில் நன்றாக ஆடியவருக்கு ஒன்று, சரி. கேள்விக்குறி போட்ட கட்டத்தில் அதிகம் தடவை போய் நின்றவருக்கும் ஒன்றாம்! பகடை தள்ளிவிட்ட இடம்தானே அது?

போன ஞாயிறு அப்படித்தான் நான் ஜெயித்தேன். “தாத்தா, நீங்க ஒண்ணுமே பண்ணலையே!” என்று பேரன் அழுதுவிட்டான். நியாயமான அழுகை. குழந்தைகளோடு ஆடும்போது இந்த போனஸை நிறுத்திவைப்பதே சரி. அதற்கு ஆட்டத்திலேயே வசதி உண்டு.

மருமகள் சிரிக்கிறாள்: “நிறுத்திட்டா உங்களுக்கு எப்பவும் நாலாவது இடம்தான் மாமா.”

பரவாயில்லை, நிறுத்தச் சொல்லிவிட்டேன்.