நண்பர் ஏட்டில் பொன் எழுத்து

பள்ளி இறுதித் தேர்வு நெருங்கும் நாட்களில், அறந்தாங்கி, கோட்டைப்பட்டினம் போன்ற நம் ஊர்களில் ஆட்டோகிராஃப் ஏடுகள் கைமாறிய காலம் வாசகர் பலருக்கு நினைவிருக்கும். பல நிறத் தாள்கள். அவற்றில் ஒரு வாழ்த்து, முகவரி, ஓரத்தில் ஒரு ரோஜா. இவ்வழக்கத்திற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு வரலாறு உண்டு. அதில் முஸ்லிம்களின் கைவண்ணமும் கலந்திருக்கிறது.

16-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பல்கலைக்கழக மாணவர்கள், ஆசிரியர்கள், தோழர்கள் ஆகியோரின் கையெழுத்துகளை ஏடுகளில் திரட்டத் தொடங்கினர். இஸ்தான்புல் சென்ற ஐரோப்பியப் பயணிகளோ, நீரின்மேல் வண்ணங்களை மிதக்கவிட்டுத் தாளில் ஒற்றியெடுக்கும் துருக்கியரின் ‘எப்ரு’ தாள்களை வாங்கித் தம் நட்பேடுகளில் சேர்த்துக் கட்டினர்.

19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இவ்வேடுகள் இல்லத்துப் பெண்களின் கைக்கு வந்தன. அச்சு இயந்திரம் பெருகப் பெருக, கையால் எழுதிய பக்கத்தின் அருமையும் கூடியது. தோழிக்கு எழுதும் நான்கு வரிகளுக்கு, இடைக்காலத் துறவிமடங்களின் ஏடுகளைப் போல முதலெழுத்தைப் பெரிதாக்கிப் பொன் பூசினர். சுற்றிலும் கொடியும் பூவும் தீட்டினர். மூல ஏடுகள் பெரும் நூலகங்களுக்குள் இருந்தன. அவற்றின் அழகை வீடுகளுக்குக் கொண்டுவந்தவை வண்ணக் கல்லச்சு நூல்களே. அவற்றுள் முதன்மையானது, 1844 முதல் 1849 வரை ஹம்ப்ரீஸின் உரையோடு, ஓவன் ஜோன்ஸ் அச்சிட்டளித்த இடைக்கால ஏடுகள் பற்றிய நூல்.

ஜோன்ஸ் இக்கலையைக் கற்றது எதற்காக என்பதே நம்மைத் தொடும் செய்தி. கட்டடக் கலைஞரான அவர், ஜூல் கூரி என்ற பிரெஞ்சு நண்பருடன் எகிப்தையும் துருக்கியையும் கண்டு, 1834-இல் ஸ்பெயினின் கிரனாடா நகரை அடைந்தார். முஸ்லிம் மன்னர்கள் எழுப்பிய அல்ஹம்ரா மாளிகையின் சுவர்களை இருவரும் அளந்து வரைந்தனர். அவ்வாண்டே காலரா கூரியின் உயிரைப் பறித்தது. 1837-இல் மீண்டும் அங்கு சென்ற ஜோன்ஸ், எஞ்சிய பணியை நிறைவேற்றினார். அச்சுவர்களின் நீலமும் சிவப்பும் பொன்னும் தாளில் வர வேண்டுமென்று தாமே அச்சகம் அமைத்து, வண்ணக் கல்லச்சில் தேர்ந்தார். 1845-இல் நிறைவுற்ற அந்நூலின் முகப்பில், தம் பெயருக்கு முன்னால் மறைந்த நண்பரின் பெயரைப் பொறித்தார். அதைவிடச் சிறந்த நட்பேடு வேறெது?

அல்ஹம்ராவுக்காகக் கற்ற அக்கைத்திறன்தான், பின்னர் எத்தனையோ பெண்களின் ஏடுகளுக்கு வழிகாட்டியது.

இன்று வாழ்த்துகள் கைப்பேசியில் வந்து, ஒரு விரல் தொடுதலில் அழிகின்றன. நம் வீட்டுப் பெட்டிகளிலோ, பாட்டியார் அரபுத் தமிழில் எழுதிய தாள்களும், கடல் கடந்து சென்றவர்களின் கடிதங்களும், பள்ளித் தோழியரின் ஏடுகளும் இன்னும் இருக்கலாம். பழைய தாள்களை எடைக்குப் போடுமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். கிழிந்த இடத்தில் பசைநாடா ஒட்ட வேண்டாம். ஈரமும் வெயிலும் படாமல் வைத்தாலே போதும். எழுதிய கை மறைந்த பின்னும் எழுத்து பேசும்.