கேள்வி பிறக்குமுன் விடை

பள்ளிக்கூடத்து வாசலை மிதியாத குழந்தை கணக்கை வெறுத்ததாக நான் கண்டதில்லை. நாலு வயதுப் பிள்ளை படியேறும்போது படிகளை எண்ணுகிறது. தனக்கும் தங்கைக்கும் பங்கிட்ட பனங்கட்டியில் எந்தத் துண்டு பெரிது என்று வழக்காடுகிறது. எண்களுக்கு முடிவு உண்டா என்று தகப்பனைக் கேட்டு அவரைத் திணற வைக்கிறது. எண்ணல், ஒப்பிடல், முடிவிலி என்று பெரியோர் பெயரிட்டு வைத்திருப்பவற்றை அது தன் போக்கிலே தொட்டுப் பார்த்துவிடுகிறது. இதே பிள்ளைதான் பத்து வயதாகும்போது, கணக்குப் பாடம் என்றவுடன் வயிற்று நோவு என்று படுத்துக்கொள்கிறது. இடையில் நிகழ்ந்தது யாது?

நீண்ட காலம் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையோடு என் அபிப்பிராயத்தைச் சொல்லுகின்றேன். கேள்வி பிறக்குமுன்னரே நாம் விடையைப் புகட்டிவிடுகின்றோம். பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். "வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கு" என்பது விதி. மாணவன் கவிழ்க்கிறான், பெருக்குகிறான், புள்ளியும் பெறுகிறான். ஏன் கவிழ்த்தாய் என்று கேட்டால் விழிக்கிறான். அதே மாணவனிடம், "அரை றாத்தலில் எத்தனை கால் றாத்தல் உண்டு?" என்று சந்தைக்குப் போகும் வழியில் கேட்டுப் பாருங்கள். இரண்டு என்று உடனே சொல்லுவான். அரையைக் காலால் வகுத்துவிட்டோம் என்பது அவனுக்குத் தெரியாது. நாமும் அதனை அவனுக்குத் தெரிவித்ததில்லை.

நம் முன்னோர் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர் என்றே தோன்றுகிறது. காரிநாயனார் இயற்றியதாக வழங்கும் கணக்கதிகாரத்திலே, பலாப்பழத்தை வெட்டாமலே சுளைகளின் தொகையை அறிவதற்கு ஒரு வழி கூறப்பட்டிருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, அத்தொகையை ஆறாற் பெருக்கி ஐந்தால் வகுக்கவேண்டும். இதனைக் கேட்ட பிள்ளை எதுவும் சும்மா இருக்குமோ?

ஒரு முறை வகுப்பறைக்கே பலாப்பழம் ஒன்றைக் கொண்டு சென்றேன். முட்களை எண்ணத் தொடங்கியதுமே சண்டை மூண்டது. காம்பை ஒட்டிய முதல் வளையத்தை மட்டுமா எண்ணுவது, அடுத்ததையும் சேர்ப்பதா? ஒருவன் ஒன்று சொல்ல, மற்றவன் வேறொன்று சொன்னான். 'சுற்றியுள்ள' என்ற சொல்லை முதலில் வரையறுக்காமல் எண்ண முடியாது என்று அவர்களே முடிவு செய்தார்கள். வரைவிலக்கணம் எதற்கு என்பதை ஒரு தவணை முழுவதும் விரிவுரை செய்திருந்தாலும் நான் அவ்வளவு தெளிவாக விளக்கியிருக்க மாட்டேன். இறுதியில் 95 முட்கள் என்று ஒத்துக்கொண்டனர். சூத்திரம் 114 சுளை தரவேண்டும் என்றது, கிடைத்தவை 86. அடுத்த வாரம் இன்னொரு பழம் வந்தது. அதில் கணக்கு ஏறக்குறையச் சரிவந்தது. அப்படியானால் நூல் பொய்யா, மெய்யா?

அக்கேள்விக்கு விடை தேடிப் பிள்ளைகள் தாவரவியல் ஆசிரியரிடம் போனார்கள். பலாப்பழம் ஒரு பூவிலிருந்து உண்டான கனியன்று. பல பூக்கள் ஒன்றுகூடி விளைந்தது. தோலில் உள்ள ஒவ்வொரு முள்ளும் ஒவ்வொரு பூவின் நுனி. கருக்கொண்ட பூ சுளையாகிறது. கருக்கொள்ளாதது நாராய்ப் போகிறது. எனவே முள்ளுக்கும் சுளைக்கும் உறவு உண்டென்பது மெய். ஆனால் எத்தனை பூ கருக்கொள்ளும் என்பதை எந்தச் சூத்திரமும் முன்கூட்டி உரைக்க இயலாது. பழத்தைத் தின்று முடித்த பிறகும் அன்று பேச்சு ஓயவில்லை.

எல்லாப் பாடத்துக்கும் பலாப்பழம் கிடைக்குமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. நாற்பது மீற்றர்க் கயிறு போதும். அதனால் ஒரு செவ்வக நிலத்தை வளைக்கச் சொல்லுங்கள். வேலியின் நீளம் மாறாதபடியால் காணியின் பரப்பும் மாறாது என்றே பெரும்பாலான பிள்ளைகள் சாதிப்பார்கள். பெரியவர்கள் சிலரும் சாதிப்பார்கள். பத்துக்குப் பத்தாக வளைத்தால் நூறு சதுர மீற்றர். பதினைந்துக்கு ஐந்தாக வளைத்தால் எழுபத்தைந்து. பத்தொன்பதுக்கு ஒன்றாக இழுத்தால் வெறும் பத்தொன்பது. கயிறு அதே கயிறுதான். (வேலிக் கதியாலுக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கோடேறும் நம் ஊரிலே இந்தக் கணக்கு எவருக்கும் சுவைக்கும்.) இனி, சதுரத்தைவிட அதிக நிலத்தை அடைக்கும் வடிவம் உண்டா என்று கேட்டுவிட்டு ஆசிரியர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். வாயை மூடுவதுதான் கடினம். வட்டம் என்ற சொல் நம் நுனிநாக்கில் நின்று துடிக்கும்.

ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜோர்ஜ் பொல்யா, கணக்குத் தீர்க்கும் கலையைப் பற்றி 1945 இல் ஒரு நூல் வெளியிட்டார். கணக்கை விளங்கிக்கொள்ளல், வழி வகுத்தல், வழியிற் செல்லல், திரும்பிப் பார்த்தல் என நான்கு படிகளை அதிற் கூறுகிறார். நம் வகுப்பறைகளில் மூன்றாவது படி ஒன்றே உண்டு. முதலிரண்டையும் ஆசிரியர் தாமே செய்துவிடுகிறார். நான்காவதைச் செய்ய நேரமில்லை.

நேரமின்மைக்குக் காரணமும் எல்லோரும் அறிந்ததே. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை என்று ஒன்று இருக்கிறது. அதன் வெட்டுப்புள்ளியைத் தாண்டவேண்டும் என்பதற்காகப் பத்து வயதுக் குழந்தை பள்ளிக்கூடம் விட்டதும் தனியார் கல்வி நிலையத்துக்கு ஓடுகிறது. அங்கே பழைய வினாத்தாள்களின் மேல் வினாத்தாள்கள். வறிய வீட்டுப் பிள்ளைக்கு நல்ல பாடசாலையின் கதவை அப்பரீட்சை திறக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றுபோன பிள்ளை, "எனக்குக் கணக்கு வராது" என்ற தீர்ப்பையும் சேர்த்தே வீட்டுக்குக் கொண்டு போகிறது. அத்தீர்ப்பை நீக்கப் பின்னர் ஆறு ஆண்டுகள் பாடுபட்டும் இயலாத ஆசிரியர் பலரை நான் அறிவேன்.

வாய்பாடு வேண்டாம் என்று நான் சொல்வதாக எவரும் கருதவேண்டாம். திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டம்பியார் எண்சுவடியைப் பாடமாக்கச் செய்ததில் அர்த்தம் இருந்தது. ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதைத் தேடிக்கொண்டிருப்பவன் கணக்கின் சூட்சுமத்தை எப்போது தேடுவான்? ஆனால் எண்சுவடி உளி, சிற்பமன்று. உளியைத் தீட்டுவதிலேயே பிள்ளைப் பருவம் முழுவதையும் கழிக்கச் செய்துவிட்டு, சிற்பத்தில் ஆசையில்லை என்று பிள்ளையைக் குறை கூறுகின்றோம்.

கரோல் விசுவநாதபிள்ளை 1855 இலேயே வீசகணிதத்தைத் தமிழில் எழுதி அச்சேற்றிய மண் இது. ஆகவே மொழியில் குறையில்லை. பாடத்திட்டத்திலும் செய்முறைக்கு ஓரளவு இடம் உண்டு. வாரத்தில் ஒரே ஒரு பாடவேளையை, விடை எழுதவேண்டாத, புள்ளி இடாத வேளையாக ஒதுக்குவதற்கு அதிபர்மார் இசைந்தால் போதும். ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அது அடுத்த வாரம்வரை அழியாமல் இருக்கட்டும். பெற்றோர் வந்து, "இது பரீட்சைக்கு வருமா?" என்று கட்டாயம் கேட்பார்கள். வராது என்றே அவர்களுக்குச் சொல்லுங்கள்.