டத்தோ பண்டாருக்கு ஓட்டு இல்லை: உங்கள் குரல் எப்படி எட்டும்?

உங்கள் வீட்டுப் பக்கத்தில் அடுக்குமாடி வரப்போகிறது. யாரிடம் கேட்பீர்கள்? கோலாலம்பூர் டத்தோ பண்டார் நியமிக்கப்படுபவர். நாட்டில் ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தி வைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

அப்போ, மிச்சம் இருப்பது? ஆட்சேபம்தான்.

தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் உள்ள ரிம்பா கியாரா பூங்காவைப் பாருங்கள். அங்கே அடுக்குமாடி கட்ட மாநகர் மன்றம் தந்த அனுமதியை எதிர்த்துக் குடியிருப்பாளர்கள் 2017இல் வழக்குப் போட்டார்கள். உயர்நீதிமன்றத்தில் தோற்றார்கள், 2021இல் மேல்முறையீட்டில் வென்றார்கள். அனுமதி செல்லாது என்பதை 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றமும் உறுதிப்படுத்தியது.

பூங்கா தப்பியது. ஆனால் அதே திட்டத்தில்தான் புக்கிட் கியாரா தோட்டத்தின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்களுக்கான வீடுகளும் இருந்தன. 1980களிலிருந்து நீண்ட வீடுகளில் காத்திருந்தவர்கள் அவர்கள், பலர் தமிழர்கள்.

ஆட்சேபத்தால் ஒரு கட்டடத்தைத் தடுக்கலாம். சொன்ன வீட்டைக் கட்ட வைக்க முடியாது. வாக்குத் தவறினால் பதவி போகும் என்ற பயம் வேண்டும் என்கிறார்கள் ஊராட்சித் தேர்தலைக் கேட்பவர்கள்.

அதுவரை, மேம்பாட்டு அறிவிப்புப் பலகையைக் கண்டால் கடந்து போய்விடாதீர்கள். ஆட்சேபத்துக்கான கடைசி நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.